கச்சைத் தடம்

இடுப்புக் கச்சை விட்ட தடம் மறைய அரைமணி நேரம் பிடிக்கும், ஐயா. மாடலாக வரும் பெண் உடையைக் களைந்ததும் நாங்கள் தூரிகையை எடுப்பதில்லை. சிவந்த கோடுகள் போகட்டும் என்று காத்திருப்போம். கோடு விழுந்த இடுப்பை யாரும் வாங்குவதில்லை.

என் மாடல் ஸெஃபிரினிடம் வாங்கத் தகாதவை இன்னும் நிறைய இருந்தன. குதிகால் வெடிப்பு, மூட்டைப்பூச்சித் தழும்பு, அக்குள் முடி, வாயைத் திறந்தால் வெங்காய நாற்றம். எல்லாவற்றையும் அழித்துத்தான் அவளைக் காதல் தேவதை வீனஸ் ஆக்குவேன். பாரிஸில் பதினேழு வருடம் இதே வேலை. அந்த உடம்புகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாகக் குமட்டும்.

போன வருடம் அவளைக் கண் திறந்தபடி வரைந்தேன். கண்காட்சியில் கூரைக்கடியில் மாட்டிவிட்டார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது. பிறகு வங்கிக்காரர் பொந்தூவா என் ஓவியக் கூடத்துக்கு வந்து, அந்த ஓவியத்தின் தொடையில் மூக்கு இடிக்குமளவு குனிந்தார்.

"உடம்பு பிரமாதம்ப்பா. ஆனா இவ என்னையே மொறைக்கிறா. சாப்பாட்டு ரூம்ல மாட்டுனா என் பொண்டாட்டி என்னைத் தொலைச்சிடுவா. கண்ண மூடிடு. தூங்குறவள எவ்வளவு நேரம் பாத்தாலும் மரியாதக் கொறச்சல் இல்ல பாரு."

நியாயம்தான். தூங்குகிறவளாகப் புதிதாக ஒன்று தொடங்கினேன். ஆனால் ஸெஃபிரினுக்குத் தூங்குவதுபோல் நடிக்க வராது. இமை துடிக்கும். ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்ன ஐயா, மூஞ்சி இப்படிக் கோணுது? என்னைப் பாத்து அவ்ளோ அருவருப்பா இருந்தா ஒரு பூசணிக்காய வச்சு வரையறதுதானே?"

இந்த வருடக் கண்காட்சிக்கு ஓவியத்தை ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது. மறுபடியும் கூரைக்கடியில் போனால் என் பெயர் அத்தோடு போச்சு. தெரிந்த பல் டாக்டரிடம் மயக்க மருந்து, குளோரோஃபார்ம், வாங்கினேன். உடையைக் களைந்து படுத்தவள் நான் மருந்தில் நனைத்த கைக்குட்டையைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"நாலு மணிக்கு எம் பொண்ண பக்கத்து வீட்லேர்ந்து கூட்டிக்கணும். அதுக்குள்ள எழுப்பிடுவீங்கல்ல?"

"எழுப்பிடுறேன்" என்றேன்.

சீக்கிரமே அடங்கிவிட்டாள். முகத்திலிருந்த ஏளனமும் போய்விட்டது. முதல்முறையாக அவள் எனக்கு அருவருப்பாக இல்லை. வழக்கம்போல் அரைமணி காத்திருந்தேன். கோடுகள் மறையவில்லை. முக்கால் மணி ஆயிற்று. அப்போதும் மறையவில்லை.

எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள், நீதிபதி ஐயா. அப்போதே தெரிந்தது. உயிருள்ள உடம்பில்தான் தடம் மறையும். மணி அப்போது பதினொன்று. மார்ச் மாதத்தில் நாலு மணி வரை நல்ல வெளிச்சம் இருக்கும். வரைந்தேன்.

கோடுகளை வரையாமல் விட்டுவிட்டேன். கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்பு சேர்த்தேன். கண் உயரத்தில் மாட்டினார்கள், பதக்கமும் கொடுத்தார்கள். அவள் மூச்சு விடுவது தெரிகிறது என்று பொந்தூவா விருந்தாளிகளிடம் சொல்கிறாராம். அதன் அடியில் உட்கார்ந்து அந்த மனுஷன் வாத்துக்கறி தின்பதை நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. என்னைவிட அவர்தான் அசிங்கம்.

அவள் பெண் கேட்டால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான் வாக்குத் தவறவில்லை. சரியாக நாலு மணிக்குத் தூரிகையை வைத்துவிட்டு, தோளைத் தட்டி அவளை எழுப்பினேன்.