கொட்டாங்குச்சி விருது

அரே டீச்சர், நிறுத்துங்க நிறுத்துங்க! போயும் போயும் இந்தப் படத்தையா பாக்குறீங்க? …இல்லைங்க, போனப் பிடுங்க வரல. பக்கத்து சீட்டா… கண்ணு தன்னால போயிருது. படகு லாங் ஐலண்டு ஜெட்டிக்குப் போய்ச் சேர இன்னும் மூணு மணி நேரம் கிடக்கு. அதுல ரெண்டு மணி நேரத்த இந்தக் கண்றாவிக்குக் குடுக்கணுமா? பேசாம தூங்குங்க. இல்ல கடலப் பாருங்க.

'கரையோரம் ஒரு கடுதாசி'. பேரு மட்டும் என்னமோ நல்லாத்தான் வச்சிருக்காய்ங்க. போன வருஷத்துலயே படு மொக்கைப் படம் இதான். நானாச் சொல்லலைங்க, நம்ம தீவுல ஷாதிபூர் தமிழாளுங்க பூராம் கையத் தூக்கிச் சொன்னது.

உங்களுக்குத் தெரியாதுல்ல… கராச்சர்மா ஸ்கூல்ல இருந்து லாங் ஐலண்டு ஸ்கூலுக்கு மாத்தலாகி இப்பத்தான் வர்றீங்க. நான் ஒச்சப்பன். பி.டபிள்யூ.டி.ல ஸ்டோர் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். பொங்கலுக்கு மறுநா சாயங்காலம் எங்க ஏரியாவுல ஒரு பட்டிமன்றம் நடக்கும். தலைப்பு வருஷா வருஷம் ஒண்ணுதான்: போன வருஷத்துல படு மோசமான படம் எது? ஆளுக்கொரு படத்த எடுத்துக்கிட்டுக் கிழி கிழின்னு கிழிக்கணும். யாரு படத்துக்கு அதிகம் கை தூக்குறாய்ங்களோ அவருக்குக் கொட்டாங்குச்சி விருது. ஆமாங்க, நெசமான கொட்டாங்குச்சிதான். வார்னிஷ் அடிச்சு, குஞ்சம் கட்டி… சிரிக்காதீங்க, அதுக்கு அங்க இருக்கிற மருவாத எங்க ஆபீஸ் இன்ஜினியருக்குக் கூட கிடையாது!

மூணு வருஷமா அத பாலசுப்பிரமணியம் கொண்டு போயிட்டிருந்தாரு. ஹார்டுவேர் கடைக்காரர். இந்தத் தடவை 'பேய்க்கு வந்த பேதி'ய எடுத்துக்கிட்டு வந்தாரு. நல்ல படம்ங்க, மத்லப்… அதாவது, மோசத்துல நல்ல மோசம். வசந்தகுமாரி அக்கா 'லட்டு மாப்பிள்ளை'ய எடுத்தாங்க. ஒரே படத்துல பதினோரு கல்யாணம், ஒருத்தருக்கும் சோறு போடலைன்னாங்க பாருங்க, கூட்டமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. நம்ம கதை முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன். கடைசில நான் ஏறுனேன்.

முப்பது நிமிஷம்! பத்து நிமிஷந்தான் குடுப்பாய்ங்க, எனக்கு மட்டும் யாருமே மணி அடிக்கல. அம்புட்டுச் சிரிப்பு. நெறையப் பேசவே வேணாம், கதைய அப்படியே சொன்னாலே போதும். இப்ப நீங்க பாக்குறீங்களே, இந்தத் தபால்காரன். படம் ஆரம்பிச்சதுல இருந்து கடலப் பாக்குறான். நமக்குத் தெரியாத கடலா? இன்னும் கொஞ்ச நேரத்துல தோணி கவுந்து தண்ணிக்குள்ள போயிருவான், கடுதாசிப் பையோட. அத்தோட இடைவேளை.

அதுக்கப்புறந்தான் கூத்து. தபால்காரன் டில்லில போலீஸ் ஆபீசர்! மீசையக் காணோம். முதப் பாதில கல்யாணமே ஆகாதவனுக்கு ரெண்டு புள்ளைங்க. எப்படிப் பொழச்சான், ஏன் டில்லி போனான், ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. போனா போகட்டும், எல்லாரும் ஹிந்தில பேசுறாய்ங்க! நமக்கென்ன, பஜார்ல, ஆபீஸ்ல, பக்கத்து வீட்டு பெங்காலிகிட்டன்னு நாள் பூராம் அதத்தான பேசுறோம், எனக்கு ஒண்ணும் உறுத்தல. பாவம், சென்னைல இருக்கிற சனம் என்ன பண்ணும்? கீழ தமிழ் எழுத்துக் கூட போடலைங்க.

எங்க பாத்தேனா? சென்னைலதான். கண் ஆபரேசனுக்குப் போயிருந்தேன். இங்க அந்தப் படம் வரவே இல்லையே. பெரிய மால்ல எட்டுத் தியேட்டரு, ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி கம்பளம். மெயின்லேண்டுக்காரனுக்கு ஒழுக்கமே கிடையாது, சொல்றேன் கேளுங்க. இடைவேளைல பாப்கார்ன் வாங்கிட்டு உள்ள வர்றேன், என் சீட்டுல ஒருத்தன் சட்டமா உக்காந்திருக்கான். இருட்டுல எதுக்கு வம்புன்னு முன்னாடி வரிசைல போய் உக்காந்தேன். சோடியே, அத விடுங்க.

ஏன் அந்தப் படத்துக்கே போனேன்னு கேக்குறீங்க. அதான… அது ஒரு சங்கடம். என் வீட்டுக்காரி சந்திரமதியோட அண்ணன் தேவேந்திரன், லாங் ஐலண்டுல கடை வச்சிருக்காரு. அவரு மகன் ஸ்ரீதரு இந்தப் படத்துல அசிஸ்டெண்ட் டைரக்டரு. நாலு வருஷம் அங்க கிடந்து உழைச்சிருக்கான். "என் மருமகன் பேரு வரும், கண்ணார பாத்துட்டு வாங்க"ன்னு இவ சொல்லித்தான் போனேன். கடைசில எழுத்து ஓடுது, வச்ச கண்ணு வாங்காம பாத்தேன். ஒரு ஸ்ரீதர் கிடையாது!

ஆமா, மேடைலயும் சொன்னேன். நடுநிலைன்னா நடுநிலைதானங்க? நம்ம வீட்டுப் புள்ள படம்னு விட முடியுமா? "நாலு வருஷம் வேல வாங்கிட்டு பேரக் கூட போடாத படம்"னேன். அங்கதான் கை குமிஞ்சுச்சு. ஸ்ரீதரா? அவன் முன் வரிசைலதான் இருந்தான். தபால்காரனப் பத்தி ரெண்டு ஜோக்கு அடிச்சதுமே எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

நடுவரு யாருன்னு நினைக்கிறீங்க? அவங்கப்பன் தேவேந்திரனேதான். பட்டிமன்றத்துக்குன்னே வருஷா வருஷம் லாங் ஐலண்டுல இருந்து படகு ஏறி வந்துருவாரு. கொட்டாங்குச்சிய என் கையில குடுத்துட்டு விறுவிறுன்னு மேடைய விட்டு இறங்கிட்டாரு. அதோட சரி. ஒரு மாசமாச்சு. பையன் "என் பேரு இருக்குப்பா"ங்கிறானாம். "உங்க மாமா கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு, நாலு வருஷமா அங்க என்னதான்டா பண்ண?"ன்னு இவரு கேக்குறாராம். படம் போன்ல வந்தே ஒரு வாரந்தான் ஆகுது, நீங்க முன்னாடியே இறக்கி வச்சிட்டீங்க, லாங் ஐலண்டு நெட்டுல அது சுத்திக்கிட்டேதான் இருக்கும். அடுத்த படத்துக்குக் கூப்பிட்டிருக்காய்ங்க, வியாழக்கிழமை சென்னைக்குக் கப்பல். போகமாட்டேங்குறான். அப்பனே நம்பலைன்னு கடைல உக்காந்து அரிசி நிறுத்துக்கிட்டிருக்கான். சந்திரமதி மூணு நாளைக்கு முன்னாடியே அங்க போயிட்டா. "வந்து அவன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, இல்லாட்டி வராதீங்க"ன்னு போன் பண்றா. நான் போறேன், ஆனா கேக்க மாட்டேன். மோசமான படத்த மோசம்னுதான சொல்ல முடியும்?

அந்தா, கவுந்துருச்சு பாத்தீங்களா! சொன்னேனா இல்லையா? இப்ப டில்லி வரும். அந்தக் காது ஒயரக் கழட்டிட்டு சத்தமா வைங்க, நீங்களும் சிரிக்கலாம். …என்னது இது? கரை ஒதுங்கிக் கிடக்கான்? மீசையோடவா? இந்த எடம் ஞாபகம் இல்லையே. தள்ளி விடுங்க. இன்னும்… இன்னும் கொஞ்சம். டில்லி எங்க போச்சு? தமிழுலயே பேசுறாய்ங்க? வேற படத்துக்குப் போயிருச்சா உங்க போனு? தலைப்பப் பாருங்க… அதேதான்.

டீச்சர். எட்டுத் தியேட்டருன்னு சொன்னேன்ல.

ஒரே மாதிரி கதவுன்னும் சொன்னேன்ல.

என் சீட்டுல ஒருத்தன் உக்காந்திருந்தான்னு… ஐயையோ! அது என் சீட்டே இல்லைங்க! பாப்கார்னோட அடுத்த கதவுக்குள்ள நுழைஞ்சு, எவனோ ஒரு ஹிந்திப் படத்தோட பின்பாதியப் பாத்துட்டு வந்து… முப்பது நிமிஷம்! மேடையேறி! மைக்கப் பிடிச்சு! சிரிங்க டீச்சர், வாயப் பொத்தாதீங்க, நல்லா சிரிங்க. தமிழ்நாட்டுக்காரனா இருந்தா முத வசனத்துலயே முழிச்சிருப்பான். எனக்கு ஹிந்தி காதுல விழுந்தா ஹிந்தின்னே தெரியல, பேச்சுன்னுதான தெரியுது!

கொஞ்சம் பின்னாடி கொண்டாங்க. கரை ஒதுங்குன எடத்துல இருந்து. தள்ளாதீங்க, அப்படியே ஓடட்டும்.

…

அடடா. நனைஞ்ச கடுதாசி எல்லாத்தையும் ஊரே உக்காந்து மணல்ல காய வைக்குது பாருங்க. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கல்லு. அந்தப் பொம்பள யாருக்கோ வந்தத எடுத்துப் படிச்சிட்டு அழுகுது. …இல்ல இல்ல, இது ஆபரேசன் பண்ண கண்ணு, காத்துப் பட்டா தண்ணி வரும்.

முடிஞ்சிருச்சா? எழுத்து ஓடுது, பிடிங்க, நிறுத்துங்க! கண்ணாடி எங்க… உதவி இயக்கம்… ரெண்டாவது… மூணாவது… தே. ஸ்ரீதர், லாங் ஐலண்டு. அடப்பாவி, ஊர் பேரோட போட்டிருக்கான் டீச்சர்! ஊர் பேரோட! இத வச்சுக்கிட்டா ஒரு மாசமா அப்பன்கிட்டப் பேச்சு வாங்குனான்? நான் ஒரு மடப்பய! அந்தப் பக்கத்த ஒரு போட்டோ பிடிச்சு எனக்கு அனுப்புங்க. நம்பர் சொல்றேன்… அரே, டவர் இல்லையா? சரி, போனோட கூட வந்துருங்க. கடை ஜெட்டி பக்கத்துலதான், ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்.

வேகம் குறையுது, ஜெட்டி வந்துருச்சுன்னு நினைக்கிறேன். அந்தா, நீலச் சட்டை, கைய கட்டிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. அவன்தான். என் பையத் தூக்க அத்தைக்காரி அனுப்பிருப்பா. நான் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டேங்குறான். கயிறு கட்டுற வரைக்கும் என்னால பொறுக்க முடியாது, வழி விடுங்க, கம்பிகிட்டப் போறேன். பாய்சாப், ஜரா ஹட்டோ!

டேய் ஸ்ரீதரு! இங்க பாருடா! மாமாடா! உன் படத்த நான் இன்னிக்குத்தான்டா பாத்தேன்! …ஆமா, இன்னிக்குத்தான்! அன்னைக்குப் பாத்தது வேற படம்! உன் பேரு இருக்குடா, மூணாவதா! உங்கப்பன்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானே வந்து அவரு கால்ல விழுறேன்! நீ கப்பலுக்குக் கிளம்பு! …என்னய்யா எல்லாரும் சிரிக்கிறீங்க? நல்லா சிரிங்க! …என்னடா கேக்குற, கேக்கல! படமா? நல்லாருக்குடா! ரொம்ப நல்லாருக்கு!

…கொஞ்சம் நீளம்!