அழைப்பிதழில் இருக்கிற அம்மா

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை மரி-க்ளேர் அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே, வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, புதுச்சேரிப் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கம். வாசலுக்கு வெளியே நிற்கிற இன்னொரு தாய்க்கும் என் வணக்கம்!

யார் அந்தத் தாய் என்கிறீர்களா? உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழைப் பாருங்கள். விசிறியது போதும் ஐயா, திருப்பிப் பாருங்கள்! கூடைக்குப் பின்னால் குந்தி, வாய் திறந்து, கை நீட்டிப் பேரம் பேசுகிறாரே, அவர்தான். வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி அம்மாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஓவியர் டோரத்தி ஹாலம், அவர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். ஊர் திரும்பிச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறினார், அமிலத்தில் அரிக்கவிட்டார், மை தடவி அச்செடுத்தார். கோட்டுக்குக் கோடு மார்க்கெட்டின் கூச்சல் கேட்கிறது! அந்தப் படம்தான் இதோ, இந்தப் பட்டுத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. திரையை விலக்கத்தான் என்னை அழைத்தார்கள்.

சற்றுமுன் வாசலில் நான் கண்டது என்ன? காவலாளி கன்னியப்பன் குறுக்கே நிற்கிறார். "இன்விடேஷன் இருக்காம்மா?" என்கிறார். அவர் கையிலேயே அந்த அம்மாள் முகம் போட்ட அழைப்பிதழ்க் கட்டு!

"எம் மூஞ்சிய எப்டி போட்டிருக்காங்கன்னு பாத்துட்டுப் போயிடறேன்யா," என்கிறார் அம்மாள்.

"மீன் கூடையோட வுடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. நா இன்னா பண்றது?"

கன்னியப்பனை நான் குறை சொல்லவில்லை. அப்படிச் சொல்லி நிறுத்தியவர்களைக் கேட்கிறேன். சுவரில் தொங்கினால் கலை, வாசலில் வந்து நின்றால் கவுச்சியா? மதியம் அந்தக் கூடை மீனைக் குழம்பு வைத்துத் தின்ற வாய், மாலையில் அவரைப் போ என்று சொல்லுமா? அவர் முகம் வேண்டும், அவர் வேண்டாமா?

என்ன செயலாளர் ரொலான் அவர்களே, கைக்கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள்? நேரமாகிறதா? ஆகட்டும்! இந்தத் திரையை நான் தொடமாட்டேன். அஞ்சலாட்சி அம்மாள் வரட்டும். மீன் அலசிய கையால் அவரே விலக்கட்டும். பட்டில் கறை படியுமா? படியட்டும்!

கைதட்ட வேண்டாம். யாராவது எழுந்துபோய்க் கதவைத் திறங்கள்.

அதோ! கன்னியப்பனே கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறார். வழிவிடுங்கள், தாய்மார்களே, முன்வரிசையில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட சபைக்கு நன்றி. எஞ்சியிருப்பது ஒரே ஒரு வணக்கம்தான்.

வணக்கம், அம்மா. வாங்க. இந்தக் கயித்தப் புடிச்சி இழுங்க.