நெருங்கிய உறவினர் சம்மதம்

உங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் கிளாஸின் அடிப்பாகம் தடிமன், சார். பார்வைக்கு முழு கிளாஸ், குடித்தால் முக்கால் கிளாஸ். எடையளவு ஆய்வாளராக இருந்தவன் என்பதால் கண்ணில் பட்டது, குறையாகச் சொல்லவில்லை. டீ சூடாக இருந்தது, நீங்களே காசு கொடுத்து வாங்கித் தந்தீர்கள். கைதாகி வந்தவனுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்.

கேட்டதற்கு வருகிறேன். அம்மா எப்படி இறந்தாள் என்று சொல்ல வேண்டுமானால், தம்பி எப்படி இறந்தான் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தம்பி ஒரு பெரிய ஹோட்டலில் வருகிறவர்களின் கார்களை வாங்கி நிறுத்தும் வேலை பார்த்தான். ஒருநாள் பெரியவரின் மகன் அங்கே வந்தார். பெரியவர் என்றால் எந்தப் பெரியவர் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், அவர் படம் இந்தச் சுவரிலேயே சில காலம் தொங்கியது, ஆணி இன்னும் இருக்கிறது. மகனைக் கட்சிக்காரர்கள் சின்னவர் என்பார்கள். சின்னவர் ஆம்புலன்ஸுக்கு விட்டிருந்த இடத்தில் காரை நிறுத்தினார். தம்பி எடுக்கச் சொன்னான். அவரும் சொன்ன சொல்லைத் தட்டாமல் எடுத்தார். பின்னால் எடுத்தார், தம்பி கீழே விழுந்தான். பிறகு முன்னால் எடுத்தார்.

பின்னால் எடுத்தது விபத்தாக இருக்கலாம், முன்னால் எடுத்தது விபத்து இல்லை என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார். ஆயுள் தண்டனை. அப்போது பெரியவர் எதிர்க்கட்சியில் இருந்தார் என்பதால் சட்டம் தன் கடமையைத் தங்குதடையின்றிச் செய்தது. பிறகு பெரியவர் ஆட்சிக்கு வந்தார். அந்த நீதிபதி இப்போது எங்கோ ஒரு கோடியில் வாய்க்கால் வரப்பு வழக்குகளைப் பார்க்கிறார், நல்ல காற்றோட்டமான ஊர் என்று கேள்வி.

சின்னவருக்குச் சிறைக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்தே நெஞ்சுவலி. சிறை ஆஸ்பத்திரியில் குளிர்சாதன அறை ஒன்றில் அந்த வலியைப் பொறுமையாகத் தாங்கிக்கொண்டிருந்தார். நன்னடத்தை என்றால் அப்படியொரு நன்னடத்தை. அறையை விட்டு வந்தால்தானே யாரோடாவது சண்டை வரும். பெரியவரின் பிறந்தநாளை ஒட்டி நன்னடத்தைக் கைதிகளை விடுவிப்பது என்று அரசு கருணையோடு முடிவெடுத்தது. அதில் ஒரே ஒரு முட்டுக்கட்டை. கொலை வழக்கு என்றால், செத்தவரின் மிக நெருங்கிய உறவினர், விடுதலைக் கமிட்டி முன் நேரில் வந்து, ஆட்சேபணை இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். பழைய ஆட்சி போட்ட விதி. திருத்தியிருக்கலாம்தான், ஆனால் பத்திரிகைக்காரர்கள் கண்கொத்திப் பாம்பாக இருந்தார்கள்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போய்ப் பல காலம். நெருங்கிய உறவு அம்மா. அவளுக்கு அடுத்தது நான்.

சின்னவரின் வக்கீல் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, மடிக்காத துணி கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துகொண்டார். என்னை 'பிரதர்' என்று கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெரியவரே உங்க கால்ல விழுறேங்கிறாரு."

"அவரை எதுக்கு விழச் சொல்றீங்க? கார் ஓட்டினவன் எங்க?" என்றாள் அம்மா.

"அவருக்கு நெஞ்சு வலிம்மா."

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வக்கீலுக்கு முகம் சுண்டவில்லை. என்னைத் தெருமுனை வரை அழைத்துக்கொண்டு போனார். அப்போது நான் வேலையிலிருந்து இடைநீக்கத்தில் இருந்தேன். ஒரு மளிகைக்கடையில் தராசு சரியாக இருக்கிறது என்று முத்திரை வைப்பதற்குக் கைநீட்டி, கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தேன். எங்கள் துறையில் யார் வாங்கவில்லை, சார். பெட்ரோல் பங்குகள் பக்கம் போகக் கூடாது என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு. கூடையில் காய் விற்கிறவளின் எடைக்கல்லைப் பிடுங்கினால் மட்டும் பாராட்டுச் சான்றிதழ். அப்படிப்பட்ட இடத்தில் என் ஒருவன்மேல்தான் சட்டம் பாய்ந்தது. மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை, நான் சீல் வைத்த கடைக்காரர்களெல்லாம் என்னைப் பார்த்துத் தராசைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

"உங்க கேஸ் ஒண்ணுமே இல்ல பிரதர். ஊதினாப் பறந்துடும். அம்மா மனசு வைக்கணும்" என்றார் வக்கீல்.

அம்மாவிடம் எவ்வளவோ கெஞ்சினேன். தம்பி திரும்பி வரப்போவதில்லை, நான் இங்கேயே இருக்கிறேனே என்றேன். "நீ தப்புப் பண்ணே, நீ அனுபவி. அவன் என்னடா தப்புப் பண்ணான்?" என்றாள். நியாயமாகப் பேசுகிறாளாம். தம்பி செத்ததற்கு அவள் அழுத அழுகையில் தெருவே கூடியது. என் வேலை போனதற்கு ஒரு வேளை சாப்பாடு குறைந்ததா அவளுக்கு? ஒரு வீட்டிலேயே சட்டம் எல்லோருக்கும் சமமாக இல்லாதபோது நாட்டைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

ஒரு விடுமுறை நாளில் எங்களுக்காகவே கமிட்டி கூடியது. வாசலுக்குக் கார் அனுப்பினார்கள். ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெண் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விடுமுறை என்று தெரியாமல் வந்தவள். அம்மாவுக்குப் படியேறி மூச்சு வாங்கியதும், நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் புருஷனை அவன் அண்ணனே ஒரு குழாயடிச் சண்டையில் தள்ளிவிட்டுக் கொன்றிருக்கிறான். தள்ளியவன் தலைதலையாக அடித்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியிருக்கிறான்.

"மன்னிச்சிட்டேங்க. அவரு வந்தாத்தான் ரெண்டு வீட்டுப் புள்ளைங்களும் சோறு திங்கும். அதைச் சொல்லத்தான் நடையா நடக்குறேன். எப்ப வந்தாலும் கமிட்டி கூடலங்கிறாங்க" என்றாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நீ குடுக்கிறேங்கிற, வாங்க ஆளில்ல. நான் தர மாட்டேங்கிறேன், கார் அனுப்புறாங்க. நல்லா இருக்குடி அம்மா இவங்க கருணை" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இளைப்பு உண்டு, சார். தூசி ஆகாது.

உள்ளே கமிட்டித் தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். பிஸ்கட் வைத்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று மிருதுவாகக் கேட்டார்கள்.

"இருக்கு" என்றாள் அம்மா.

"காரணம் ஏதாவது சொல்ல விரும்புறீங்களாம்மா?"

"முன்னால எடுத்தான்ல, அதான் காரணம். வெளிய ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. கூடினது கூடிட்டீங்க, அவளைக் கூப்பிடுங்க."

அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள்.

இறங்கி வரும்போது வக்கீல் படிக்கட்டில் என் தோளில் கை போட்டார். கோபமே இல்லை மனிதருக்கு. "அம்மாவுக்கு உடம்பு இப்படியா இருக்கு பிரதர்? பாத்துக்குங்க. அவங்களுக்கு அப்புறம் நீங்கதானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை, ஆகவே அவரை இதில் இழுக்க வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு மத்தியான வேளையில் நான் வீட்டில் ஒட்டடை அடித்தேன். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளை வீட்டு வேலையாவது செய்யக் கூடாதா என்று அம்மா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பரண் மேலிருந்த பழைய மெத்தையையும் இறக்கி, முன்னறையிலேயே நன்றாகத் தட்டினேன். "வெளிய கொண்டுபோய்த் தட்டுடா" என்றாள். ஜன்னலைச் சாத்தினேன். எதிர்வீட்டுத் தையல்காரியின் மேல் தூசி பறக்கக் கூடாது என்கிற எண்ணம்தான். அது கண்ணாடி ஜன்னல் என்பதை நான் யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு இளைப்பு வந்தது. டிவி ஸ்டாண்டில் கையால் துழாவினாள். இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன், ஒளித்துவைக்கவில்லை. எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கும் முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று துறைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். என்னை இடைநீக்கம் செய்தபோது எவனும் அப்படிக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். "கமிட்டிக்கு வர்றியாம்மா? பேச வேணாம். தலையை ஆட்டு, போதும்" என்றேன். அவள் இல்லை என்று ஆட்டினாள். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன், இன்னும் மரியாதையாகவே கேட்டேன். மறுபடியும் இல்லை என்றாள். என்ன பிடிவாதம் பாருங்கள். உயிர் அவள் தலையசைப்பில் இருந்தது, சார், என் கையில் இல்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு அவள் கை நீட்டுவதை நிறுத்திவிட்டாள். மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அதை அவள் சம்மதமாக நான் எடுத்துக்கொண்டேன். கடைசியில் உதடு அசைந்தது. 'கண்ணு' என்ற மாதிரி இருந்தது. அவள் தம்பியைத்தான் அப்படிக் கூப்பிடுவாள், என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு யாரைக் கூப்பிட்டாள் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மற்றபடி தூக்கம் நன்றாக வருகிறது.

பெரியவர் ஆள் உயர மாலை அனுப்பினார். எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியே பார்த்ததை இதே ஸ்டேஷனில் வந்து அன்றே சொன்னாள். போய் ஜாக்கெட் தைக்கிற வேலையைப் பாரும்மா என்று இங்கிருந்தவர்கள் அனுப்பிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு கமிட்டி முன் போய், தம்பியின் நெருங்கிய உறவினன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னேன். பிறந்தநாளன்று சின்னவர் வெளியே வந்தார். சிறை வாசலில் போட்ட மேடையில் ஏறி ஒரு மணி நேரம் பேசினார், நெஞ்சுவலி தெரியவே இல்லை. நான் வேலைக்குத் திரும்பினேன்.

கமிட்டிக்குப் போன அன்றும் அந்தப் பெண் வராந்தாவில் இருந்தாள். "அம்மா வரலீங்களா?" என்றாள். தவறிவிட்டாள் என்றேன். பெஞ்சிலிருந்து எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஆபீஸில் என் அம்மாவுக்காக அழுதது அவள் ஒருத்திதான். அவளை இன்னும் உள்ளே கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். கருணைக்கும் ஒரு வரிசை இருக்கிறது, பொறுமை வேண்டும்.

அப்புறம் ஆட்சி மாறியது. போன ஆட்சியில் மூச்சுத்திணறலாக இருந்தது இந்த ஆட்சியில் கொலையாக ஆனது. ஜாக்கெட் தைக்கப் போகச் சொன்ன அதே ஸ்டேஷனில் தையல்காரிக்கு நாற்காலி போட்டு வாக்குமூலம் வாங்கினீர்கள். நான் குற்றம் சொல்லவில்லை. ஆள் மாறும்போது அளவும் மாறும், அதைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கியவன் நான். அம்மாவைக் கொன்றது நான்தான், வேண்டுமென்றேதான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் இப்படி மறைக்காமல் சொல்கிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியம். காலைப் பேப்பரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெரியவரும் உங்கள் புதிய தலைவரும் கைகோத்துச் சிரிக்கிறார்கள், கூட்டணியாம். புதிய தலைவருக்கும் ஒரு பிறந்தநாள் இருக்கும், அவர் ஆட்களிலும் நன்னடத்தைக்காரர்கள் உள்ளே இருப்பார்கள், அந்தக் கூட்டத்தோடு என் பெயரையும் சேர்க்க வக்கீலுக்குத் தெரியும். அந்த நெருங்கிய உறவினர் விதியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா இல்லை, தம்பியும் இல்லை, எனக்குப் பிள்ளைகளும் இல்லை. எந்தப் பக்கம் சுற்றித் தேடினாலும் அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே உறவு நான்தான். கமிட்டி எப்போது கூடினாலும் நேரில் வந்து என் வாயாலேயே சொல்கிறேன், சார். என் அம்மாவைக் கொன்றவனை நான் மனதார மன்னித்துவிட்டேன், அவனை விடுவிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.