விலக்குப் பட்டியல்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மடிக்கணினிக்கும் குளியல் உண்டு. தங்கை தலைக்குக் குளிக்கப் போவாள். நான் அவளுடைய மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து வைரஸ் சோதனையை ஓட்டுவேன். முழுச் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம். அவள் குளித்துத் தலை காய்வதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டும் ஒன்றாக முடிகிற அன்று எனக்கு அப்படி ஒரு நிறைவு.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். தாராளமாக. நான் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை.

என் பிழைப்பே இதுதான். அலுவலகத்தில் இருநூறு பேருடைய கணினிகளைக் கட்டி மேய்க்கிறேன். 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தால் போதும், மேலாளரே வாயைப் பிளந்துகொண்டு அமுக்கிவிடுவார். பிறகு, "நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா" என்று வந்து நிற்பார். என் தங்கை அவரையும் தூக்கிச் சாப்பிடுவாள். இலவசம் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிக்கொள்வாள்.

அவள் கார்ட்டூன் வரைகிறவள். நன்றாகவே வரைவாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். நான்கு வருடத்துக்கு முன் திடீரென்று வெளியூர் ஸ்டுடியோக்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிறவள், தெரியாத ஊரில் தனியாக எப்படி இருப்பாள்? அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன்தான். அது சின்ன விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தபோது, சின்னதாக ஒரு நிரலைப் போட்டு வைத்தேன். அவளுக்கு வரும் மின்னஞ்சல் முதலில் என் கைபேசிக்கு வரும். நான் சரி என்றால்தான் அவள் கண்ணில் படும். சோதனை நிரல்களில் விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு. 'இது நம்ம ஆள், தொடாதே' என்று அதில் எழுதி வைத்துவிட்டால் சோதனை அந்தப் பக்கமே போகாது. என் நிரலை அதில் சேர்த்தேன். கண்ணுக்குக் கெடுதல் என்று சொல்லி அவளுக்குப் பட்டன் போன்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். விண்ணப்பங்களில் என் எண்ணைப் போட்டோம், அவள் போனை எடுக்கவே மாட்டாள் என்பதால்.

'வருந்துகிறோம்' என்று வந்த கடிதங்களை அப்படியே விட்டுவிடுவேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றியதில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எப்போது வந்து சேருகிறீர்கள்' என்று வந்ததை மட்டும் அழித்தேன். போன வருடம் வரைக்கும் பதினொன்று. போன் செய்தவர்களிடம், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவேன்.

"அக்கா, எனக்கு வரையவே தெரியலையோ?"

"யாருடி சொன்னா? அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. வா, சாப்பிடு."

அவள் அழும்போதெல்லாம் நானும் அழுதேன். அது நடிப்பில்லை. வரைந்ததையெல்லாம் ஒருநாள் கிழித்துப் போட்டாள். சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதன் பிறகு அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. போன வருடம் உயிரை விடப் பார்த்தாள். நல்லவேளை, கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காப்பாற்றியது யார் என்று எங்கே வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

அன்று மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது என் கைபேசிக்குப் பன்னிரண்டாவது கடிதம் வந்தது. அவள் ஆசைப்பட்ட அதே ஸ்டுடியோ. படங்களைப் பார்த்து அசந்துபோனார்களாம், எத்தனை மாதமானாலும் காத்திருப்பார்களாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவள் படுத்திருந்தாள். மனதை அலட்டும் எதையும் சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழித்துவிட்டேன்.

மாட்டிக்கொண்டது என் பித்தப்பையால். அதை எடுக்க நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அந்த இடைவெளியில் அம்மணி இலவச எழுத்துரு ஏதோ இறக்கப்போய், திரை முழுக்க விளம்பரம். உடம்பு இளைக்க, முடி வளர, ஒன்றை மூடினால் ஒன்பது திறக்கிறது. நான் வரும்வரை பொறுக்காமல் தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆள் கெட்டிக்காரர். விளம்பரக் குப்பையை வாரிக் கொட்டிவிட்டு, விலக்குப் பட்டியலையும் திறந்து பார்த்திருக்கிறார். அலுவலகத்திலேயே அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

தங்கை நேராக என் கட்டிலுக்கு வந்தாள்.

"'இத மட்டும் தொடாதேன்னு யாரோ எழுதி வெச்சிருக்காங்கம்மா'ன்னாரு அந்தக் கடைக்காரர். யாருக்கா அது?"

"நான்தான்டி. சத்தம் போடாத, தையல் வலிக்குது."

அழித்ததையெல்லாம் தேதியிட்டுப் பதிவேட்டில் வைப்பது என் தொழில் பழக்கம். அதை வீட்டு வேலையிலும் விடாமல், அவள் மடிக்கணினிக்குள்ளேயே செய்திருந்தேன், பாருங்கள். பன்னிரண்டையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தாள். கடைசிக் கடிதத்தின் தேதியை மட்டும் இரண்டு முறை பார்த்தாள். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனவள், அப்புறம் வீட்டுக்கு வரவில்லை.

ஆக, செய்தது நான்தான். கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். ஆனால் மேடம், அவள் போய் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. அந்த மடிக்கணினியில் இந்நேரம் என்னென்ன புகுந்திருக்குமோ, நினைத்தாலே தூக்கம் வரவில்லை. அவள் மாற்றிய புதுக் கடவுச்சொல் புகாரோடு உங்களிடம் இருக்கும். அதை மட்டும் தந்தால் இங்கிருந்தே ஒருமுறை பார்த்துவிடுவேன். ஒன்றரை மணி நேரம்தான் ஆகும்.