வெள்ளை முயல்களை விற்கவிடாத பெரியக்காவுக்கு

காது தொட்டு வெப்பம் அறிந்தவரே! வயிறு தடவிச் சினை சொன்னவரே! முயலுக்கும் முதலாளிக்கும் ஒரே முகம் காட்டிய முறைமையாளரே! இறைச்சி முயல் பண்ணையின் இனப்பெருக்கப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக வந்து, எங்கள் எல்லோருக்கும் மூத்தவராகவே ஆகிவிட்ட பெரியக்காவே, வணக்கம்!

உங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்க இந்த மடலைப் போன வாரமே எழுதிவிட்டோம். அதன் கடைசிப் பத்தி, “எது நடப்பினும் நெஞ்சம் தளரோம்” என்று முடிந்தது. இன்று காலை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதைப் புதிதாக எழுதுகிறோம்.

பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணைப் பெண்ணிடம் விட்டால் கடிபட்டுத்தான் திரும்பும் என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். வாசனைச் சோப்புப் போட்ட கையோடு குட்டி போடும் ஈற்றுப்பெட்டியைத் தொட வந்த தீவனக்கார அண்ணனை, வேற்று வாசனை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவரும் நீங்கள். கண்டிப்பில் கல்லாகவும் கவனிப்பில் கனியாகவும் இருந்தீர்கள் என்று எழுதத்தான் ஆசை. கண்டிப்பே சற்றுக் கூடுதல் என்பதை உங்கள் எதிரிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆயினும் உங்கள் பணிக்காலம் முழுவதையும் இந்த ஒரு கோடை எடைபோட்டுக் காட்டிவிட்டது. வெள்ளை ஆண்களோடு சேர்ந்த வெள்ளைப் பெண் முயல்கள் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. “ஏமாத்துக்காரி” என்று நாம் செல்லமாக அழைப்பவள், பொய்ச்சினையில் இருமுறை வயிற்று முடியைப் பிடுங்கிப் படுக்கை விரித்து, வெறும் பெட்டியைக் காட்டினாள். சாம்பல் நிற நாட்டு ஆணோடு சேர்ந்தவை மட்டுமே குட்டி போட்டன. முதலாளி கணக்குத் தீர்க்க வந்துவிட்டார்.

“இனமே சரியில்லக்கா. பெரிய உடம்பு, இந்த வெயிலத் தாங்காது. வெள்ளைய மொத்தமா இறைச்சிக்கு அனுப்பிருவோம்.”

வெள்ளை போனால் பிரிவு மூடப்படும். உங்களுக்கு ஓய்வு கிடைக்கிற அன்றே எங்களுக்கு வேலை போகும். நீங்களோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“குட்டி தங்கலேன்னா உடனே பொண்ணக் குத்தம் சொல்றது! ஃபேன் எல்லாம் பொண்ணுங்க கொட்டகையில ஓடுது. ஆம்பளைங்க தகரக் கூரைக்கடியில வெந்துக்கிட்டிருக்கு. சாம்பல் எங்க இருக்கான்னு பாத்தீங்களா தம்பி? கடிக்கிறான்னு தண்ணித் தொட்டி நிழலுக்குத் துரத்தினோம். தண்டனைன்னு அனுப்பினா, மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்கான்.”

தாய்க்குத்தான் குளிர்ச்சி வேண்டும் என்று எண்ணி எல்லா விசிறிகளையும் அங்கே மாட்டியது நாம் அனைவருமே. அதில் உங்களுக்கும் பங்குண்டு என்று நீங்களே சொன்னீர்கள். இனமா, வெயிலா என்று வாயால் வழக்காடாமல், வெள்ளை ஆண்களை நிழலுக்கும் சாம்பலைத் தகரக் கூரைக்கும் இடம் மாற்றினீர்கள். வெயிலில் கெட்ட விந்து தேறிவர இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை சேர்க்கை கிடையாது என்று கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். உங்கள் கடைசி வேலைநாள் வரை பொறுப்பதாக முதலாளி ஒப்புக்கொண்டார். குட்டி இல்லையேல் மறுநாள் வண்டி வரும்.

வெயில் ஒரு நாளும் தணியவில்லை. காத்திருந்து சேர்த்த பிறகு, விரல் நுனியால் வயிறு தடவி, “இருக்கு” என்றீர்கள். “ஏமாத்துக்காரி கிட்டயும் இருந்துச்சேக்கா” என்று முதலாளி சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மாலைவரை பெட்டிகளில் வைக்கோலைத் தவிர வேறில்லை.

இன்று காலை, விழாவுக்கு உடுத்திய புதுத்துணியோடு நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தீர்கள். பெட்டிக்குப் பெட்டி வெள்ளை முடி குவிந்திருந்தது. ஏமாத்துக்காரியின் பெட்டிக்குள் கைவிட்டீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 

“உள்ள சூடா இருக்கு தம்பி. கைய விட்டுப் பாருங்க.”

முதலாளி கையை விட்டார். எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததும் வண்டிக்காரரைப் போனில் கூப்பிட்டு, வரவேண்டாம் என்றார்.

வென்றும் நீங்கள் வீறாப்புப் பேசவில்லை. நிழலிலும் வெள்ளைக்குக் குளிர்மாதத்து ஈற்றைவிடக் குட்டிகள் குறைவு என்றும், தகரத்தடியில் சாம்பல் தளர்ந்தாலும் அவனால் குட்டி பிறப்பது நின்றுவிடவில்லை என்றும் எடுத்துக்காட்டி, முதலாளி சொன்னதிலும் பாதி உண்மை என்றீர்கள். பாதி இனம், பாதி வெயில். அந்த நேர்மைக்கு எங்கள் நெடுவணக்கம்!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், “இனி வீட்டுல என் காதத்தான் தொட்டுத் தொட்டுப் பாப்பா” என்று இப்போதே கவலைப்படுகிறார். அண்ணே, பொறுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பொறுக்கவில்லையா?

பெரியக்காவே! நோய் அணுகாமல், நோக்கம் குன்றாமல், நிழலும் நீரும் நிறைந்த நெடுங்காலம் நீங்கள் வாழ்க! நாளை காலை எங்களுக்கு வேலை இருக்கிறது. அதைவிடப் பெரிய வாழ்த்து எங்களுக்குத் தெரியவில்லை.

உங்களுக்குப் பரிசளிக்க வாங்கிய நிற்கும் விசிறியை, பெட்டி பிரித்த கையோடு ஆண் முயல் கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டீர்கள். போதாதென்று இந்த அறையின் விசிறியையும் கழற்றச் சொன்னீர்கள். ஆகவே இந்தச் சட்டமிட்ட மடலைத் தவிர உங்கள் கையில் தர எங்களிடம் ஒன்றுமில்லை. வாசித்து முடித்ததும் இதை விசிறிக்கொள்ளலாம்.

வியர்வையோடும் நிம்மதியோடும்,
இனப்பெருக்கப் பிரிவின் ஐவர்