வரி கட்டு என்றோம், சேலை வந்தது

தலைமை ஏற்ற நிமிடமே கண்ணயர்ந்தும், நாற்காலியை விட்டு நழுவாமல் அவையைக் காத்துவரும் தலைவர் மாதேஸ்வரன் அவர்களே! பாலக்கோட்டிலிருந்து தக்காளி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த தகைசால் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! என் இரண்டு முழங்காலும் வலிக்க வலிக்க உங்களை வணங்குகிறேன்.

களைத்துவிட்டேன் ஐயா. இமயமலையை இடுப்பில் கட்டித் தொப்பூர் கணவாயில் ஏற்றியவனைப் போலக் களைத்துவிட்டேன். ஆனாலும் ஏன் நிற்கிறேன்? நம்மால் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விட்டது. அந்தப் பட்டு மாளிகையில் சேலை எடுத்துக் காட்டும் சுகுணா. நாளைக் காலை மறுபடி அங்கே போவதா, இத்தோடு விடுவதா? அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

என்னங்க? சத்தமாகவா? மைக்கும் என்னைப் போலத்தான், பாதி உயிர்.

அது கடையா? நான்கு மாடிக் கண்ணாடி மலை! அதன் வெளிச்சம் பட்டு வத்தல்மலைச் சேவல்கள் சாயங்காலமே விடிந்ததென்று கூவுகின்றன. கூட்டமோ தேர்க்கூட்டம். லாபமோ இல்லையாம்! ஏன் இல்லை? கடைக்குத் தன் பெயரே சொந்தமில்லையாம். பெயர் கடலுக்கு நடுவே ஒரு தீவில் குடியிருக்கிறதாம். அதைப் பலகையில் எழுதிக்கொள்ள இங்கிருந்து வாடகை போகிறதாம். வாடகை போக மிச்சமில்லை, மிச்சமில்லாததால் வரியுமில்லை. பெயர் யாருடையது? அவர்களுடையது. வாடகை வாங்குவது யார்? அவர்களேதான்! நம் காஜா பாய் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் பெயர் பாவம், அவரோடேயே இருக்கிறது. அதனால் ஒழுங்காக வரி கட்டுகிறார். என்ன பாய், உங்க பேரையும் தீவுக்கு அனுப்பலாமா?

"பேரு போயிட்டா வூட்டுல என்னைய யாருங்க உள்ள வுடுவாங்க?" என்கிறார். நியாயம்தான்.

ஆகவே அறவழியில் அமர முடிவெடுத்தோம். கல் எடுத்தோமா? இல்லை. கத்தி எடுத்தோமா? இல்லை. செருப்பைக் கழற்றினோம், வெள்ளை மெத்தையில் சம்மணமிட்டோம். அங்கேதான் ஐயா சறுக்கிற்று! ஜவுளிக்கடையில் பத்துப் பேர் கும்பலாகப் போய் மெத்தையில் குந்தினால் அதைப் போராட்டம் என்று எவன் சொல்வான்? கல்யாண ஜவுளி என்பான்! காஜா பாய் சிங்கமெனக் கர்ஜித்தார்: "வரி கட்டு! வரி கட்டு!" சுகுணா ஓடோடி வந்தாள்.

"கட்டம் வேணாங்களாண்ணா? வரி போட்டதுதான் கட்டுவாங்களா? பொண்ணு செவப்பா, மாநெறமா?"

வந்தன சேலைகள்! வரி வரியாக, வானவில்லாக, வைகாசி மழையாக! பின்னாலேயே வந்தது ஆரஞ்சுக் கலர். குடித்தோம். எதிரியின் கலரைக் குடித்து ஏப்பம் விட்ட படை உலகில் நம் படை ஒன்றே! சின்னம்மாள் அக்கா ஒரு கையில் பதாகை, மறு கையில் முந்தானை. "இதே ஊதாவுல பெரிய பார்டர் இருக்கா கண்ணு?"

சிரிக்காதீங்க அக்கா, நீங்கதான் கேட்டீங்க. அத்தனையும் அந்தப் பெண் விரித்துப் போட்டபின் வெறுங்கையோடு எழ யாருக்கு மனசு வரும்? போராடப் போனவர்கள் பில் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த முறை பதாகையில் பெரிய எழுத்தில் விளக்கமாக எழுதிக்கொண்டு போனோம். சுகுணா படித்தாள், புரிந்துகொண்டாள், ஒன்றும் விரிக்கவில்லை. சுவரோரம் நின்றாள். காலையிலிருந்தே நிற்கிறாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சின்னம்மாள் அக்கா கையைப் பிடித்து இழுத்தார்கள். "செத்த குந்து கண்ணு, யாரு கேக்கப் போறா?"

குந்தினாள். மேலாளர் பார்த்தார். மறுநாள் வர வேண்டாம் என்றார். கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை தர வேண்டுமென்று நம் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. வரிச் சட்டத்திலாவது ஓட்டை தேடி நுழைந்தார்கள். இந்தச் சட்டத்தை மிதித்துக்கொண்டே போய்விட்டார்கள்!

"அந்தப் புள்ள பொழப்பே போச்சு, போதும்ங்க" என்று சிலர் சொல்கிறீர்கள். எனக்கு மட்டும் ஆசையில்லையா, வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்க? ஆனால் ஒன்று கேட்கிறேன். தீவில் படுத்திருக்கும் பெயருக்குக் கால் வலிக்குமா? களைப்பதெல்லாம் நாம்தான். களைத்தவனால் ஓட முடியாது, உதைக்க முடியாது, உரக்கக் கத்தவும் முடியாது. உட்கார முடியும்! வரியைக் கட்டு என்று உட்காருவோம்! சுகுணாவுக்கு வேலையைக் கொடு என்று உட்காருவோம்! வேலையோடு ஒரு முக்காலியும் கொடு என்று உட்காருவோம்! வருகிறீர்களா?

சரி, சரி, கை தெரிகிறது. தலைவரும் கை தூக்குகிறார், தூக்கத்திலேயே.

யாரது கடைசியில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு? சுகுணாவா? எப்பம்மா வந்தே? பக்கத்துல நாற்காலி காலியாத்தானே கெடக்குது?

"பழகிப்போச்சுங்க மாமா. நின்னுக்கிட்டே கேக்கறேன்."

கேட்டீர்களா? வேலை போயிற்று, நிற்பது மட்டும் போகவில்லை. இல்லை தாயி. நீ உட்காரும்வரை இந்தப் பேச்சு முடியாது. முடிக்காவிட்டால் இவர்கள் பாடு என்னவாகும் என்று இந்த ஊருக்கே தெரியும். நசீம் பானு, அந்த நாற்காலியை இழுத்துப் போடும்மா. ம்... நுனியில் வேண்டாம். முதுகை நல்லா சாய்ச்சு.

உட்கார்ந்துவிட்டாள்.

பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.