தண்ணீர் புகாத கேமரா

விடிகாலை ஜொகூர் பாருவில், சிங்கப்பூர் பேருந்து வரிசை. எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளம் தம்பதி.

“வாளித் தண்ணியில போட்டாலும் இந்தக் கேமராவுக்கு ஒண்ணும் ஆகாதாம்,” என்று அவள் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள்.

“மிரர்லெஸ் கேமரா வாங்கலாம் லா. இருட்டுலகூட படம் தெளிவா வரும். நாம கிளம்புறப்பவும் பையன் தூங்குறான், திரும்புறப்பவும் தூங்குறான்.”

“அதை நனைக்க முடியுமா?”

“எதுக்கு நனைக்கணும்?”

“பிள்ளை பாத்துக்கிற அக்காகிட்ட கொடுக்கத்தான். குளிப்பாட்டுறப்போ தண்ணிய அடிச்சு அடிச்சு சிரிக்கிறானாம். போன் நனைஞ்சிடும்னு அவங்க படம் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“ஞாயித்துக்கிழமை நீதானே குளிப்பாட்டுற? அப்பப் பாக்கலாமே.”

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

“நான் ஊத்தினா அவன் அழுவுறான்.”